பெஜோ பிஎக்ஸ்-10: ‘மரை போச்சு’ என்று ஒதுக்கப்பட்ட பாட்டம் பிராக்கெட்

சைக்கிள் 1970களின் நடுப்பகுதியைச் சேர்ந்த பெஜோ பிஎக்ஸ்-10. ரெனால்ட்ஸ் 531 குழாய், ஸ்ட்ராங்லைட் 93 கிராங்க், சிம்ப்ளெக்ஸ் டெரெய்லர் (கியர் மாற்றி), மாஃபாக் பிரேக். பெர்னார் தெவெனே 1975இலும் 1977இலும் டூர் த பிரான்ஸை வென்றது பெஜோ அணியில் இருந்துதான். அந்தப் பெயருக்காகவே பலர் காசு சேர்த்து வாங்கிய வண்டி இது. உரிமையாளர் புதுச்சேரியிலிருந்து வந்து பாரிஸ் புறநகரில் குடியேறிய பெரியவர். வேறொரு கடையில் காட்டிவிட்டுத்தான் என்னிடம் கொண்டு வந்தார். “தம்பி, பிபில மரை போச்சாம். கப்பு வரமாட்டேங்குதாம். ஃபிரேமையே மாத்திடுங்கன்னு சொல்றாங்க” என்றார். பெடலை ஒரு சுற்று மிதித்தால் ஒரு ‘டொக்’ சத்தம், கிராங்க் இரண்டு பக்கமும் ஆடுகிறது. புகார் இவ்வளவுதான். பிபி என்பது பாட்டம் பிராக்கெட்: பெடல் மாட்டும் கைகளான கிராங்க்குகளை இணைக்கும் ஆக்சில் சுழலும் பேரிங். அது ஃபிரேமின் அடியில் ‘ஷெல்’ என்னும் குறுக்குக் குழாய்க்குள் உட்காரும். ஷெல்லின் இரு முனையிலும் மரையில் திருகி, குண்டுகளைத் தாங்குபவைதான் கப்புகள்.

பழைய பிரெஞ்சு ஃபிரேம்கள் இந்தத் தீர்ப்போடு வருவது எனக்குப் புதிதல்ல. பெரும்பாலும் மரை நன்றாகவே இருக்கும். அது எந்த மரை என்று யாரும் அளந்து பார்த்திருக்க மாட்டார்கள், அவ்வளவுதான். அதனால்தான் இந்த வேலையைத் தொடக்கத்திலிருந்து எழுதி வைக்கிறேன்.

கையால் பார்த்தது

செயினைச் செயின் வீலிலிருந்து இறக்கிவிட்டுத்தான் பிபியைச் சோதிக்க வேண்டும். செயின் மாட்டியிருந்தால் ஃப்ரீவீலும் டெரெய்லரும் சேர்ந்து ஒலிக்கும், எது எங்கிருந்து வருகிறது என்று பிரிக்க முடியாது. செயினை இறக்கியதும் இரண்டு கிராங்கையும் கைக்கு ஒன்றாகப் பிடித்து, ஃபிரேமை நோக்கி உள்ளும் புறமுமாக அசைத்தேன். ஒரு கிராங்க் மட்டும் ஆடி மற்றது அசையாமல் நின்றால் ஆக்சிலின் சதுர முனையில் அந்தக் கிராங்க் தளர்ந்திருக்கிறது என்று அர்த்தம். இரண்டும் சேர்ந்தே ஆடினால் கோளாறு பேரிங்கில். இங்கே இரண்டும் சேர்ந்தே ஆடின. மெதுவாகச் சுற்றியபோது ஒரே இடத்தில், ஒவ்வொரு சுற்றிலும், விரலில் ஒரு தடங்கல் தெரிந்தது. இடப்பக்கக் கப்பைப் பூட்டும் லாக் ரிங் கையால் திருகினாலே நகர்ந்தது.

பெடல், செயின் வீல் போல்ட், சீட் போஸ்ட் மூன்றும் இதே மாதிரி ஒலியெழுப்பக் கூடியவை. அவற்றையும் தட்டிப் பார்த்து ஒதுக்கிவிட்டேன்.

கிராங்கைக் கழற்றியது

பலர் சறுக்கும் இடம் இது. ஸ்ட்ராங்லைட் கிராங்க் போல்ட்டின் தலை 16 மி.மீ. கம்பக்னோலோவுக்கு 15, ஜப்பானியக் கிராங்க்குகளுக்கு 14. போல்ட்டை எடுத்த பிறகு கிராங்கை இழுக்கும் புல்லருக்கும் தனி அளவு உண்டு. இன்று எந்தக் கடையிலும் கிடைக்கும் புல்லர் 22 மி.மீ. மரை கொண்டது. டி.ஏ. என்ற பிரெஞ்சு நிறுவனத்தின் கிராங்குக்கு 23 மி.மீ. வேண்டும். 1980களின் தொடக்கம் வரை வந்த ஸ்ட்ராங்லைட்டுக்கு 23.35 மி.மீ. வேண்டும்.

22 மி.மீ. புல்லரை ஸ்ட்ராங்லைட்டில் வைத்தால் அது பற்றாமல் உள்ளே நழுவிவிடும். அதனால் சேதம் இல்லை, தவறு உடனே தெரிந்துவிடும். ஆபத்து 23 மி.மீ. புல்லரில்தான் இருக்கிறது. அது மரையின் நுனிகளைக் கொஞ்சம் பற்றிக்கொண்டு, சரியாகப் பொருந்திவிட்டது போலவே உள்ளே திருகிப் போகும். இழுக்கும்போது முழு விசையும் அந்த நுனிகளில் இறங்கும். அலுமினியம் எத்தனை நேரம் தாங்கும்? மரையை வழித்துக்கொண்டு புல்லர் வெளியே வந்துவிடும். இந்தச் சைக்கிளின் இடக் கிராங்கில் வெளிப்புறத்து மரைகள் ஏற்கெனவே நசுங்கி மினுங்கின. யாரோ பொருந்தாத புல்லரால் ஒரு முறை முயன்று பார்த்திருக்கிறார்கள்.

நல்லவேளையாக உள்ளே ஆழத்தில் மரை முழுசாக இருந்தது. டூத் பிரஷ்ஷால் மண்ணெண்ணெய் தேய்த்து அழுக்கை எடுத்து, 23.35 மி.மீ. புல்லரைக் கையாலேயே அடிவரை ஏற்றினேன். புல்லர் எவ்வளவு ஆழம் போகிறதோ அவ்வளவு மரை சுமையைப் பகிர்ந்துகொள்ளும். அப்புறம் நடுக் கம்பியை இறுக்கி, கிராங்க் ‘டக்’ என்று ஆக்சிலை விடும் வரை காத்திருந்தேன். ஆக்சில் முனையில் வாஷர் எதுவும் தங்கியிருக்கவில்லை என்பதை இழுக்கும் முன்பே பார்த்துவிட வேண்டும். வாஷரை உள்ளே விட்டுவிட்டு இழுத்து மரையைக் கெடுத்த கிராங்க்குகளும் நிறைய உண்டு.

எந்த மரை?

பழைய ரோடு சைக்கிள்களில் பிபி ஷெல்லின் மரை ஊருக்கு ஒரு விதம். ஆங்கிலேய அளவு 1.370 அங்குல விட்டம், அங்குலத்துக்கு 24 மரை, ஷெல் அகலம் 68 மி.மீ. இத்தாலியில் 36 மி.மீ. விட்டம், அங்குலத்துக்கு அதே 24 மரை, அகலம் 70. பிரெஞ்சு மரை 35 மி.மீ. விட்டம், 1 மி.மீ. இடைவெளி, அகலம் 68. ஸ்விஸ் மரையும் அதே 35க்கு 1தான். நாட்டிங்ஹாம் ராலே தன் சொந்த ஃபிரேம்களில் பலவற்றுக்கு அங்குலத்துக்கு 26 மரை என்று தனி வழியில் போனது, அதன் ஷெல்லும் 71 அல்லது 76 மி.மீ. அகலம். ஆகவே ‘இங்கிலீஷ் சைக்கிள்தானே’ என்று கண்ணை மூடிக்கொண்டு கப் வாங்குவதும் சரிப்படாது.

இடப்பக்கக் கப், அதாவது லாக் ரிங் உள்ள கப், இந்த எல்லா வகையிலும் சாதாரண மரைதான்: கடிகார முள் திசையில் திருகினால் இறுகும், எதிரே திருகினால் கழலும். அதனால் எந்தச் சைக்கிளாக இருந்தாலும் அந்தப் பக்கத்திலிருந்து தொடங்குவது பாதுகாப்பு. வித்தியாசம் வருவது வலப்பக்கத்தில், செயின் வீலுக்குப் பின்னால் இருக்கும் நிலையான கப்பில்தான். ஆங்கிலேய மரையிலும் ராலேயிலும் ஸ்விஸ் மரையிலும் அது எதிர் மரை. இத்தாலியிலும் பிரான்சிலும் அதுவும் சாதாரண மரை.

எதிர் மரை வைத்ததற்குக் காரணம் உண்டு. மிதிக்கும் சுமை குண்டுகள் வழியாகக் கப்பைச் சுற்றிச் சுற்றி அழுத்தும்போது, கப் தன் மரைக்குள் ஆக்சிலுக்கு எதிர்த் திசையில் மிக மெதுவாக ஊர்கிறது. வலப்பக்கத்தில் சாதாரண மரை இருந்தால் இந்த ஊர்வு கப்பைக் கழற்றிவிடும். எதிர் மரை இருந்தால் இறுக்கும். இத்தாலியரும் பிரெஞ்சுக்காரரும் அதைப் பொருட்படுத்தாமல் கப்பைப் பலமாக இறுக்கி வைத்தே காலம் தள்ளினார்கள். அவர்களுடைய வலப்பக்கக் கப் தானாகத் தளர்கிறது என்ற புகார் அதனால்தான் வருகிறது.

ஆங்கிலேய வழிச் சைக்கிளில் பழகிய கைக்கு ‘வலப்பக்கம் எதிர் மரை’ என்பது மாறாத விதி போலப் பதிந்திருக்கும். அந்தக் கையோடு பிரெஞ்சு ஃபிரேமைத் தொட்டால் என்ன நடக்கும்? கழற்றுவதாக நினைத்து இறுக்கிக்கொண்டே போவோம். இந்த பெஜோவில் நடந்தது அதேதான் என்பதற்கு அடையாளம் கண்ணெதிரே இருந்தது. வலப்பக்கக் கப்பின் தட்டை முகங்களில் ஸ்பேனர் நழுவி மூலைகள் மழுங்கியிருந்தன. மழுங்கியது எல்லாம் கடிகார முள் திசைக்குத் தள்ளும் பக்கத்து மூலைகளில் மட்டும். எதிர்த் திசை மூலைகள் கூர் குறையாமல் இருந்தன.

இடக் கப்பைக் கழற்றி வெர்னியரில் பிடித்தேன். 34.9க்கு மேலே காட்டியது. விட்டத்தை மட்டும் வைத்து முடிவெடுக்கக் கூடாது. ஆங்கிலேய அளவு 34.8, பிரெஞ்சு அளவு 35, தேய்ந்த கப்பில் இந்த இரண்டும் ஒன்றாகவே தெரியும். மரை இடைவெளியை அளக்கும் பிட்ச் கேஜ்தான் உண்மையைச் சொல்லும். அங்குலத்துக்கு 24 மரை என்றால் மரைக்கு மரை 1.058 மி.மீ. பத்து மரை தூரத்தில் அரை மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம் வந்துவிடும். 1 மி.மீ. கேஜ் இந்தக் கப்பில் பல் பல்லாக உட்கார்ந்தது. கேஜ் இல்லாதவர்கள் நிச்சயமாக ஆங்கிலேய அளவு என்று தெரிந்த கப் ஒன்றை எடுத்து, இரண்டின் மரைகளையும் முகத்தோடு முகம் வைத்து வெளிச்சத்தில் பார்க்கலாம். ஒரே மரையானால் இடையில் வெளிச்சம் வராது. வேறானால் ஒரு முனையில் கவ்வி மறுமுனையில் ஏறி நிற்கும்.

35க்கு 1 என்று உறுதியானதும் இன்னொரு கேள்வி மிச்சம்: பிரெஞ்சா, ஸ்விஸ்ஸா? அளவு ஒன்றே, வலப்பக்கத் திசை மட்டும் வேறு. மோட்டோபெக்கான் சைக்கிள்கள் சிலவற்றிலும், 1980ஐ ஒட்டி வந்த சில பெஜோக்களிலும் ஸ்விஸ் மரை உண்டு. ஆகவே ‘பெஜோ என்றால் பிரெஞ்சு மரை’ என்று சொல்லி ஸ்பேனரைத் தூக்குவதும் சூதாட்டம்தான். ஆக்சிலை உருவிய பிறகு, இடப்பக்கத் துளை வழியாக டார்ச் அடித்து உள்ளே பார்த்தால், வலக் கப் முடியும் இடத்துக்கு இப்பால் ஷெல்லின் மரை கொஞ்சம் வெளியே தெரிந்தது. மண்ணெண்ணெய் நனைத்த துணியால் அதைத் துடைத்தேன். நுனி வளைத்த ஊசியை அந்த மரைப் பள்ளத்தில் வைத்து, நான் பார்க்கும் இடப்பக்கத்திலிருந்து கடிகார முள் திசையில் மெதுவாக இழுத்துச் சுற்றினேன். ஊசி என்னை விட்டு விலகி, வலக் கப்பை நோக்கிப் போனது. சாதாரண மரை. எதிர் மரையாக இருந்திருந்தால் ஊசி என் பக்கம் வந்திருக்கும். ஒரு சுற்றுக்கு 1 மி.மீ.தான் நகரும், ஆனால் பள்ளத்தில் ஊசி உட்கார்ந்திருப்பதால் சந்தேகத்துக்கு இடமில்லை. இதே சோதனையை இடப்பக்க மரையிலும் ஒரு முறை செய்துவிட்டால் கைக்குத் திசை பழகிவிடும்.

ஆக, பிரெஞ்சு மரை. ஷெல்லின் மரையில் ஒன்றுகூடப் போகவில்லை.

உள்ளே இருந்தது

குண்டுகள் கேஜில், அதாவது அவற்றைப் பிடித்து வைக்கும் தகட்டுக் கூட்டில், கோத்தவை. இடப்பக்கக் கேஜ் உடைந்து, அதன் துண்டு ஒன்று குண்டுகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு சுற்றிலும் வந்த ‘டொக்’ அதுதான். பழைய கிரீஸ் மெழுகு போல இறுகியிருந்தது, ஷெல்லின் அடியில் துருக் கலந்த சேறு. அந்தக் காலத்து ஃபிரேமில் சீட் குழாய் நேரே பிபி ஷெல்லுக்குள் திறக்கிறது. சீட் போஸ்ட் ஓரமாக இறங்கும் மழைத் தண்ணீருக்கு வேறு போக்கிடம் இல்லை.

ஆக்சிலைத் துடைத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். இடப்பக்கக் குண்டு ஓடும் தடத்தில் குழிகள். வலப்பக்கத் தடத்திலும் ஒரு பக்கமாகச் சிறு புள்ளிகள் தொடங்கியிருந்தன. இடக் கப்பின் தடம் மோசம், நகத்தால் வருடினாலே தட்டியது. வலக் கப்பை ஷெல்லில் இருந்தபடியே சுத்தம் செய்து, பால்பாயிண்ட் பேனா முனையைத் தடத்தில் வைத்து ஒரு வட்டம் ஓட்டினேன். எங்கும் இடறவில்லை. குண்டு ஓடிய பட்டை ஒரே அகலத்தில், ஒரே மினுக்கில், சுற்றிலும் தெரிந்தது. தேய்ந்த கப்பானால் அந்தப் பட்டை ஒரு பக்கம் அகலமாகும், அல்லது அதற்குள் அம்மைத் தழும்பு விழும்.

இங்கேதான் முடிவெடுக்க வேண்டியிருந்தது. என் முடிவு: வலக் கப்பைத் தொடக் கூடாது. அதைக் கழற்றுவதற்கு ஒரே காரணம் அது கெட்டுப்போயிருப்பதுதான், இது கெடவில்லை. பிரெஞ்சு மரை நிலைக் கப் கிடைப்பதே அரிது. அந்தக் கடையில் நடந்த மல்லுக்கட்டு முழுவதும் கழற்றத் தேவையே இல்லாத உருப்படியோடு நடந்திருக்கிறது. தவறான திசையில் திருகியதால் கப் இன்னும் நன்றாக இறுகியிருந்தது. தானாகத் தளரும் சுபாவம் உள்ள பிரெஞ்சு கப்புக்கு அது கெடுதல் இல்லை. எதற்கும் நல்ல வாயுள்ள கப் ஸ்பேனரை வைத்து இறுக்கும் திசையில் ஒரு அழுத்தம் கொடுத்துப் பார்த்தேன். அசையவில்லை.

உண்மையிலேயே கழற்ற வேண்டி வந்து, தட்டை முகங்களும் மழுங்கியிருந்தால் வழி உண்டு. கப்பின் துளையில் நுழையும் அளவுக்குத் தடித்த போல்ட், இரண்டு பக்கமும் கனமான வாஷர், ஒரு நட் போதும். போல்ட் கப்பை இறுக்கிப் பிடித்த பிறகும் தொடர்ந்து திருகினால் கப்பும் சேர்ந்து சுற்றும். ஆங்கிலேய எதிர் மரைக் கப்பானால் வெளியிலிருந்து, கடிகார முள் திசையிலேயே திருகலாம். போல்ட் இறுகும் திசையும் கப் கழலும் திசையும் அங்கே ஒன்று. பிரெஞ்சு, இத்தாலியக் கப்புக்கு வெளியிலிருந்து அப்படிச் செய்தால் கப் இறுகும். எனவே போல்ட் தலையை வெளியே வைத்து, ஷெல்லுக்குள் இருக்கும் நட்டை இடப்பக்கத் துளை வழியாக ஒல்லியான பாக்ஸ் ஸ்பேனரால் இறுக்கிச் சுற்ற வேண்டும். இடப்பக்கத்திலிருந்து கடிகாரத் திசை என்பது வலப்பக்கத்திலிருந்து பார்த்தால் எதிர்த் திசை, கப் கழன்று வரும். முந்தின நாளே ஊறும் எண்ணெய் விட்டு வைப்பது நல்லது. திரும்பப் போடும்போது மரையில் நடுத்தர வலு லாக்டைட் (மரையைப் பிடித்து வைக்கும் பசை) தடவலாம்.

மாற்று வழிகள்

கேட்ரிட்ஜ், அதாவது பேரிங்கும் ஆக்சிலும் ஒரே மூடிய உருப்படியாக வரும் பிபி, போட்டுவிடலாமே என்று பெரியவர் கேட்டார். நியாயமான கேள்வி. ஃபில் வுட் நிறுவனத்தின் கேட்ரிட்ஜ் பிபிக்குப் பிரெஞ்சு மரை வளையமும் தனியாகக் கிடைக்கிறது. மரையே தேவைப்படாமல் ஷெல்லுக்குள் விரிந்து பிடித்துக்கொள்ளும் வகையும் உண்டு. மவிக் ஒரு காலத்தில் ஷெல்லின் இரண்டு ஓரத்தையும் 45 பாகைக்குச் சரித்து வெட்டி அதில் உட்கார வைக்கும் பிபியைச் செய்தது. கடைசியாக, ஷெல்லைக் குடைந்து 36 மி.மீ. இத்தாலிய மரை வெட்டலாம். அதைச் செய்துவிட்டால் திரும்பிப் போக முடியாது. மரை நிஜமாகவே அழிந்த ஃபிரேமுக்கு இவையெல்லாம் வரப்பிரசாதம். மரையும் வலக் கப்பும் நலமாக இருக்கும் ஃபிரேமுக்கு எதற்கு? கப்பும் கோனும் கொண்ட பழைய பிபியைத் திறந்து துடைத்துக் கிரீஸ் போட்டுத் திரும்பத் திரும்ப உயிர்ப்பிக்கலாம். கேட்ரிட்ஜ் தேய்ந்தால் குப்பைக்குத்தான் போகும். “அப்போ பழையபடியே பண்ணிடு தம்பி” என்றார்.

எது செய்தாலும் செய்யக் கூடாத காரியம் ஒன்று உண்டு: ஆங்கிலேய கேட்ரிட்ஜைப் பிரெஞ்சு ஷெல்லில் திருகுவது. விட்டம் ஒரு நூல் குறைவு என்பதால் முதல் சில மரை சுகமாக ஏறும். அப்புறம் இறுகும். அழுக்குதான் தடுக்கிறது என்று நினைத்து நீண்ட கைப்பிடி போட்டு அழுத்துவார்கள். ‘மரை போச்சு’ என்பது அந்த நிமிடத்தில் உண்மையாகிவிடும். பெடலிலும் இதே பொறி இருக்கிறது. பழைய பிரெஞ்சுக் கிராங்கின் பெடல் மரை 14 மி.மீ.க்கு 1.25. மற்றவர்களுடையது 9/16 அங்குலம், அதாவது கிட்டத்தட்ட 14.3.

ஆக்சில் தேர்வு

நீளம் மட்டும் பார்த்து ஆக்சில் வாங்கினால் வேலை கெடும். இரண்டு குண்டுத் தடங்களுக்கும் நடுவே உள்ள தூரமும் பொருந்த வேண்டும். 70 மி.மீ. இத்தாலிய ஷெல்லுக்கான ஆக்சிலில் அந்தத் தூரம் அதிகம். அதை 68 ஷெல்லில் போட்டால் இடக் கப் வெளியே துருத்தி நிற்கும், லாக் ரிங்குக்குப் பிடிக்க மரை மிஞ்சாது. அடுத்தது சதுர முனை. ஜப்பானிய ஜேஐஎஸ், ஐரோப்பிய ஐஎஸ்ஓ என்ற இரண்டு தர அளவுக்கும் சரிவு 2 பாகைதான், ஆனால் ஜேஐஎஸ் முனை சற்றுத் தடிமன். ஐஎஸ்ஓ கிராங்கை ஜேஐஎஸ் ஆக்சிலில் ஏற்றினால் சுமார் 4.5 மி.மீ. வெளியே தள்ளி நிற்கும். செயின் லைன், அதாவது செயின் முன்னிருந்து பின்னுக்கு ஓடும் நேர்கோடு, அதோடு போயிற்று.

விற்காமல் கிடந்த பழைய ஸ்ட்ராங்லைட் ஆக்சில் ஒன்றும், பிரெஞ்சு மரை இடக் கப் ஒன்றும் தேடிப் பிடித்தேன். பழைய ஆக்சிலோடு பக்கத்தில் வைத்து மொத்த நீளம், தட இடைவெளி, வலப்பக்கம் நீட்டும் அளவு மூன்றையும் ஒப்பிட்டேன். கிராங்கைக் கையால் ஏற்றிப் பார்த்ததில் ஆக்சில் முனை கிராங்கின் முகத்துக்கு உள்ளே போதுமான ஆழத்தில் நின்றது. அது வெளியே எட்டிப் பார்த்தால் போல்ட் கிராங்கை இழுக்காது, ஆக்சிலில் முட்டி நிற்கும்.

கோத்தல்

குண்டு கால் அங்குலம், பக்கத்துக்கு 11. கேஜை விட்டுவிட்டுத் தனிக் குண்டாகப் போட்டேன். கேஜில் பெரும்பாலும் இதைவிடக் குறைவாகத்தான் கொள்ளும். குண்டு கூடினால் சுமை பரவும், உடைந்து மாட்டிக்கொள்ளக் கேஜும் இருக்காது. 11 போட்டதும் ஒரு சின்ன இடைவெளி மிஞ்சும், அது இருக்கத்தான் வேண்டும். 12ஆவது குண்டைத் திணிக்கக் கூடாது. பழைய குண்டு பார்வைக்குப் பளபளப்பாக இருந்தாலும் ஒன்றைக்கூடத் திரும்பப் போடுவதில்லை, பழசையும் புதுசையும் கலப்பதும் இல்லை. வாங்குவது கிரேடு 25. உருண்டையின் பிழை அங்குலத்தில் பத்து லட்சத்தில் 25 பங்குக்குள் அடங்கும் தரம் அது.

நீர் தாங்கும் கிரீஸைத் தாராளமாகக் கப்பில் நிரப்பி, அதில் குண்டுகளை ஒவ்வொன்றாகப் பதித்தேன். வலக் கப்பில் பதிப்பதற்கு ஃபிரேமைப் படுக்க வைத்து இடப்பக்கத் துளை வழியாக வேலை செய்ய வேண்டியிருந்தது. கப்பைக் கழற்றாமல் விட்டதற்குக் கொடுக்கும் விலை இவ்வளவுதான். ஆக்சிலின் நீளமான பக்கம் செயின் வீல் பக்கம். இரண்டு கப்புக்கும் நடுவே, தண்ணீர் பாட்டில் பிளாஸ்டிக்கை வெட்டிச் சுருட்டிக் குழாயாக விட்டேன். சீட் குழாயிலிருந்து விழும் தண்ணீரும் துருவும் குண்டுகளைத் தொடாமல் அது தடுக்கும். கம்பக்னோலோ போன்றவர்கள் இதற்கென்றே உறை கொடுத்தார்கள்.

இறுக்கம்

முழு வேலையிலும் கைக்குப் பிடித்த பகுதி இதுதான், நேரம் கொடுக்க வேண்டியதும் இதற்குத்தான். இடக் கப்பை விரலாலேயே குண்டு தொடும் வரை திருகி, அதன் துளைகளில் மாட்டும் ஊசி முனை கொண்ட ‘பின் ஸ்பேனரால்’ இன்னும் கொஞ்சம் நகர்த்த வேண்டும். மரை இடைவெளி 1 மி.மீ., கப்பின் சுற்றளவு சுமார் 110 மி.மீ. அதாவது கப்பின் விளிம்பை 1 மி.மீ. நகர்த்தினால் கப் உள்ளே போவது 0.009 மி.மீ. மட்டும். இவ்வளவு நுணுக்கம் கையில் இருக்கும்போது ‘சுமாராக இருக்கிறது’ என்று விடத் தேவையில்லை. கப்பிலும் ஷெல்லிலும் சேர்த்து ஒரு பென்சில் கோடு போட்டுக்கொண்டால் எவ்வளவு நகர்த்தினோம் என்பது கண்ணுக்குத் தெரியும்.

லாக் ரிங்கை இறுக்கும்போது இரண்டு காரியம் நடக்கிறது. அது கப்பைத் தன்னோடு சேர்த்துச் சுற்றப் பார்க்கும். கூடவே மரையில் இருக்கும் சிறு தளர்வின் அளவுக்குக் கப்பை வெளியே இழுக்கவும் செய்யும். முதலாவதைத் தடுக்க அந்த ‘பின் ஸ்பேனரால்’ கப்பை அசையாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். இரண்டாவதைத் தடுக்க முடியாது, அதை எதிர்பார்த்துக் கப்பை ஒரு மயிரிழை கூடுதலாக இறுக்கி வைக்க வேண்டும். லாக் ரிங் பூட்டிய பிறகு என்ன நிலையோ அதுதான் கணக்கு, பூட்டும் முன் இருந்தது கணக்கில்லை.

கிராங்க் போடாத ஆக்சிலை இரண்டு விரலால் உருட்டிப் பார்த்தேன். கிரீஸின் கனம் மட்டும் தெரிய வேண்டும். குண்டு ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தட்டுப்பட்டால் இறுக்கம் அதிகம். பிறகு வலக் கிராங்கை மட்டும் ஏற்றி நுனியைப் பிடித்து அசைத்தேன். விரலுக்குத் தெரியாத ஆட்டம் கிராங்கின் நீளத்தில் பெரிதாகித் தெரியும். இம்மி ஆட்டம் இருந்தது. லாக் ரிங்கைத் தளர்த்தி, பென்சில் கோட்டைப் பார்த்துக் கப்பைச் சற்றே நகர்த்தி, மறுபடி பூட்டினேன். ஆட்டமும் இல்லை, கரகரப்பும் இல்லை.

சதுர முனையில் கிரீஸ் போடலாமா கூடாதா என்பது தீராத வழக்கு. நான் துடைத்து உலர்வாகத்தான் ஏற்றுகிறேன். கிரீஸை போல்ட்டின் மரைக்கும் தலையின் அடிக்கும் வைத்துக்கொள்கிறேன். இறுக்கம் 35 நியூட்டன் மீட்டர் அளவில், டார்க் ரெஞ்ச் வைத்து. ஏற்றும் முன் கிராங்கின் சதுரத் துளையின் நான்கு மூலையையும் லென்ஸ் வைத்துப் பார்த்தேன், வெடிப்பு இல்லை.

செயின் லைன் அளக்கும்போது பிரெஞ்சுக் குழாய் 28 மி.மீ. என்பதை மறக்கக் கூடாது. ஆங்கிலேய அளவு 28.6. சீட் குழாயின் ஓரத்திலிருந்து இரண்டு செயின் வீலுக்கும் நடுவரை அளந்து, அதோடு குழாயின் பாதியான 14ஐக் கூட்டினால் 43 மி.மீ. வந்தது. பின்னால் ஃப்ரீவீலின் நடுப் பல்லும் கிட்டத்தட்ட அதே கோட்டில் நின்றது.

ஓட்டிய பிறகு

சில வாரம் ஓட்டிவிட்டுக் கொண்டு வாருங்கள் ஐயா என்று சொல்லியிருந்தேன். கொண்டு வந்தார். சத்தம் இல்லை. புதுக் குண்டும் புதுக் கப்பும் ஒன்றுக்கொன்று பழகியதில் நுனியில் மட்டும் தெரியும் சிறு ஆட்டம் வந்திருந்தது, எதிர்பார்த்ததுதான். கப்பின் விளிம்பை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக நகர்த்திப் பூட்டினேன். வலக் கப்பின் விளிம்புக்கும் ஷெல்லுக்கும் குறுக்கே முன்பே போட்டு வைத்திருந்த கோடு இம்மியும் விலகவில்லை. கிராங்க் போல்ட்டை அதே 35இல் ஒரு முறை சரிபார்த்ததோடு சரி. ஒவ்வொரு முறை வரும்போதும் இறுக்கிக்கொண்டே இருந்தால் அலுமினியக் கிராங்க் முனையில் மேலும் மேலும் ஏறி, சதுரத் துளை விரிந்துவிடும்.

இனி குளிர்கால மழை முடிந்ததும் ஆண்டுக்கு ஒரு முறை இடப்பக்கத்தை மட்டும் திறந்து கிரீஸ் மாற்றினால் போதும். கனத்த மழையில் நனைந்தால் சீட் போஸ்ட்டை உருவிச் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தித் தண்ணீரை வடிக்க வேண்டும். வலக் கப் கோட்டை அவ்வப்போது பார்க்க வேண்டும். அது எதிர்த் திசையில் விலகத் தொடங்கினால் அன்றைக்குத்தான் அந்தக் கப்பைக் கழற்றி, மரையைத் துடைத்து, லாக்டைட் தடவித் திரும்பப் போடும் வேலை வரும்.